எட்டு வயதுப் பையனும் ஆறு வார அட்டையும்: ஏ.டி.எச்.டி. சிகிச்சையைத் தேர்ந்த ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பையனின் பெயர், ஊர், பள்ளி எதையும் இங்கே எழுதவில்லை. பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். முழுவதையும் அவர்கள் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டார்கள். காரைக்குடி வட்டாரத்தில் நான் சிறப்பாசிரியராகப் பணி செய்கிறேன். ஏ.டி.எச்.டி. என்பது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமலும் அடங்காத துறுதுறுப்போடும் பிள்ளைகள் தவிக்கும் நிலை. அதற்கு மருந்து எழுதித் தருவது என் வேலை அன்று. ஆனால், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மூன்று மாதமாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுத் தவிக்கும் பெற்றோரோடு உட்கார்ந்து, எந்த ஆராய்ச்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று படித்துக் காட்டுவது என் வேலை என்றே நினைக்கிறேன்.

கொண்டுவந்த பை

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆச்சி வந்தார். இந்தப் பக்கத்தில் நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பாராமல் அப்படித்தான் அழைப்போம். பையனின் அம்மாவுக்கு வயது முப்பத்திரண்டுதான். கூடவே அப்பத்தா. அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார்; இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் தொலைபேசியில் கிடைப்பார்.

துணிக்கடைப் பை ஒன்றை ஆச்சி மேசைமேல் கவிழ்த்தார். பாதி காலியான நீர்ப்பிரமி லேகியப் புட்டி, மீன் எண்ணெய் மாத்திரை, ஒரு பயிற்சி மையத்தின் வண்ணத் துண்டறிக்கை, சென்னையில் இருக்கும் அம்மான் அச்செடுத்து அனுப்பிய நான்கைந்து தாள்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த மருத்துவச் சீட்டு. மதுரையில் குழந்தைகள் மனநல மருத்துவர் எழுதியது: ஏ.டி.எச்.டி.க்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, 5 மி.கி.

“எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் தப்பு என்கிறார்கள் சார். இவன் அப்பா மருந்தே வேண்டாம், அடிமையாகிவிடுவான் என்கிறார். மருந்து மூன்று வருடத்தில் வேலை செய்யாது என்று ஆராய்ச்சியிலேயே இருக்கிறதாம், அண்ணன் அனுப்பியிருக்கிறார். அந்த மையத்தில் நாற்பது அமர்வில் மூளையைச் சரிசெய்துவிடுவோம் என்கிறார்கள். வளையலை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன்.”

அப்பத்தா அதுவரை பேசவில்லை. “எட்டு மாதமாகப் பிள்ளைக்கு இனிப்பே கொடுக்கவில்லை தம்பி,” என்றார். “கல்யாண வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் கந்தரப்பம் தின்கிறார்கள். இவன் பந்தியில் என் முகத்தைப் பார்க்கிறான். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.”

பையன்

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும் பழைய வீடு; குடியிருப்பவர்கள் மூன்று பேர். பையன் வளவைச் சுற்றிய நடையில், ஆத்தங்குடிக் கல்லில் சிவப்புப் பூ விழுந்த இடத்தில் மட்டும் கால் வைத்துத் தாவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நின்று, “நூற்றுப் பன்னிரண்டு,” என்றான். நான் எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டுதான்.

அதே பையன் பத்து நிமிடம் கழித்துக் கணக்கு நோட்டைத் திறந்தான். முதல் கணக்கைச் சரியாகப் போட்டான். இரண்டாவதில் கூட்டலைப் பாதியில் விட்டு, பென்சில் சீவப் போனான். சீவியவன் அணில் சத்தம் கேட்டு முற்றத்துக்குப் போனான். திரும்பி வந்து மூன்றாவது கணக்கின் எண்களை இரண்டாவதின் விடையில் எழுதினான். “கவனம் இல்லாத பிள்ளை” என்று இவர்களைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கவனம் இருக்கிறது. அதைப் பிடித்து வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் அவனால் ஆகவில்லை.

மதுரை மருத்துவர் நோயறிதலை அவசரப்பட்டுச் செய்யவில்லை. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பள்ளி, வீடு இரண்டு பக்கமும் கேள்வித்தாள் நிரப்பி வாங்கியிருந்தார். கண், காது, தூக்கம், குடும்பத்தில் இருதய நோய் எல்லாம் விசாரித்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 என்று வந்திருந்தது; அந்த வயதுக்கு 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்து மருந்து எழுதியிருந்தார். அந்தச் சீட்டையும் மற்றதோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி அதுதான். சண்டையே இல்லாத சிகிச்சை, சண்டை உள்ள சிகிச்சையோடு சேர்ந்து பைக்குள் போய்விட்டது. அன்றைக்கே காரைக்குடியில் வாங்கித் தொடங்கச் சொன்னேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம்

மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்தோம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆச்சியையே மூன்று கேள்விகள் எழுதச் சொன்னேன். எதோடு ஒப்பிட்டார்கள்? மதிப்பெண் போட்டவருக்கு யார் சிகிச்சை பெற்றார்கள் என்று தெரியுமா? எத்தனை நாள் பார்த்தார்கள்? பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இந்த மூன்றையும் கேட்டோம்.

முதலில் இனிப்பு, அப்பத்தாவுக்காக. 1995-இல் 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்தார்களா, சர்க்கரைபோல் இனிக்கும் வேறொன்றைக் கொடுத்தார்களா என்பது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பார்ப்பவருக்கும் தெரியாதபடி செய்த சோதனைகள் அவை. நடத்தையில் மாற்றம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு சோதனை என் மனத்தை விட்டு அகலாதது. சர்க்கரையே இல்லாத பானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தாய்மாரில் ஒரு பாதியிடம் “நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை அதிகமாகத் துள்ளுவதாக மதிப்பெண் போட்டார்கள்; பிள்ளையைக் கூடுதலாகக் கண்டிக்கவும் செய்தார்கள். பல்லுக்காகவும் எடைக்காகவும் இனிப்பைக் குறைப்பது வேறு விஷயம். இதற்காக ஒரு பிள்ளையைப் பந்தியில் தனியாக உட்காரவைக்க வேண்டியதில்லை. அப்பத்தா அன்று மாலையே கந்தரப்பத்துக்கு அரிசி ஊறப் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்தது நாற்பது அமர்வு. தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளை அலையைத் திரையில் காட்டி, அதைப் பையனே மாற்றப் பழக்கும் முறை. துண்டறிக்கையில் பெற்றோரின் வாக்குமூலங்கள் இருந்தன. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. அதே முறையை அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையுள்ள 144 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். முடிவு 2021-இல் வந்தது. ஒரு குழுவுக்கு அசல் பயிற்சி. மற்றொரு குழுவுக்கும் அதே கருவி, அதே திரை, அதே 38 அமர்வு. ஆனால் திரையில் வந்தது வேறு யாருடையதோ, முன்பே பதிந்து வைத்த மூளை அலை. எது யாருக்கு என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. இரண்டு குழுவும் நன்றாகவே முன்னேறின. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. வாரந்தோறும் ஒருவர் பிள்ளையோடு பொறுமையாக உட்கார்ந்ததும், சரியாகும் என்ற நம்பிக்கையும், இடையில் கடந்த மாதங்களும் செய்த நன்மை அது. ஆச்சி கையிலிருந்த வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியென்றால் நானே உட்காரலாமே,” என்றார். இந்தக் குடும்பம் அந்த வாக்கியத்தில்தான் திரும்பியது.

நீர்ப்பிரமியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுள்ள ஆண் பிள்ளைகளுக்கு 14 வாரம் அதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததில், துறுதுறுப்பும் கவனச் சிதறலும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறையவில்லை. மீன் எண்ணெய்க்குப் பலன் உண்டு. ஆனால் மிகச் சிறியது. 2013-இல் மருந்தில்லாச் சிகிச்சைகளைத் தொகுத்த ஓர் ஐரோப்பியக் குழு அதற்குக் கண்ட பலனின் அளவு 0.16; சிகிச்சை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் எண் இது, பெரிதானால் பலனும் பெரிது. மெத்தில்ஃபெனிடேட்டுக்கு அதே அளவுகோலில், பிள்ளைகளிடம், 0.78 என்று 2018-இல் வேறொரு பெரிய தொகுப்பு கண்டது. புட்டியும் மாத்திரையும் கெடுதல் செய்யவில்லை. இருந்தால் இருக்கட்டும் என்றேன். காசு போவதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அம்மான் அனுப்பிய தாள்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட்டோம். அம்மான் அனுப்பியதும், மருத்துவர் மேற்கோள் காட்டியதும் ஒரே ஆய்வு.

1999-இல் முடிவு வெளியான அந்த ஆய்வில் 7 முதல் 9 வயது வரையுள்ள 579 பிள்ளைகள். குலுக்கல்போலப் பிரித்து நான்கு குழு. ஒன்றுக்குக் கவனமாக அளந்த மருந்து, இன்னொன்றுக்குப் பெற்றோர்க்கும் பள்ளிக்குமான நடத்தைப் பயிற்சி, மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவது குழு தங்கள் ஊர் மருத்துவரிடமே போய்க்கொள்ளலாம். 14 மாதம் கழித்துப் பார்த்தால், கவனக் குறைவும் அடங்காத துள்ளலும் மருந்துக் குழுவிலும் கூட்டுக் குழுவிலும் நன்றாகக் குறைந்திருந்தன. கூட்டுக் குழுவுக்கு மருந்தளவு குறைவாகவே போதுமானதாக இருந்தது. பலரும் தாண்டிப் போய்விடும் செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது. நான்காவது குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் அவ்வளவு முன்னேறவில்லை. ஆய்வுக்குழு மருத்துவர்கள் முதல் 28 நாள் அளவை மாற்றி மாற்றி, நடுவில் வெற்று மாத்திரையும் கலந்து, எது சரி என்று கண்டுபிடித்தார்கள். பிறகு மாதந்தோறும் அரை மணி நேரம் பார்த்தார்கள். ஊர் மருத்துவரிடம் போனவர்களுக்கு அந்தக் கவனிப்பு இல்லை.

2007-இல் மூன்றாண்டுக் கணக்கு வந்தது. நான்கு குழுவுக்கும் வேறுபாடு மறைந்துவிட்டது. அம்மான் அடிக்கோடிட்டது இதைத்தான். அவர் அடிக்கோடிடாத வரி ஒன்று உண்டு: 14 மாதத்தோடு ஆய்வின் சிகிச்சை நின்றுவிட்டது. அதன்பின் மருந்துக் குழுவில் சிலர் நிறுத்தினார்கள், பயிற்சிக் குழுவில் சிலர் தொடங்கினார்கள், கோடு கலைந்துபோயிற்று. ஆகவே “மூன்று வருடத்தில் மருந்து வேலை செய்யாது” என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அதே நேர்மையோடு, “இன்று கொடுத்தால் பத்து வருடம் கழித்து இவன் நன்றாக இருப்பான்” என்றும் அதிலிருந்து சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தே ஆச்சியிடம் சொன்னேன். 2018 தொகுப்பில் இருந்த 133 சோதனைகளும் பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை. அதன் முடிவு 12 வாரத்தை ஒட்டியது. 2015-இல் 185 சோதனைகளை அலசிய காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் பன்னாட்டு அமைப்பு), ஆசிரியர் கண்ணில் பலன் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டே, சான்றின் தரம் மிகக் குறைவு என்றது. பசி குறைவதை வைத்தே எந்தப் பிள்ளை மருந்து சாப்பிடுகிறது என்று ஊகித்துவிடலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

உயரமும் பேசினோம். அந்த 579 பேரில், புதிதாகத் தொடங்கித் தொடர்ந்து மருந்து சாப்பிட்ட பிள்ளைகள் மருந்தே சாப்பிடாதவர்களைவிட மூன்றாண்டில் சுமார் 2 செ.மீ. குறைவாக வளர்ந்திருந்தார்கள். ஆச்சி இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. மறைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் பிறகு வேறு யாராவது சொல்லிக் கேட்டிருப்பார், அன்றோடு மருந்தும் நின்றிருக்கும், என் மேல் வைத்த நம்பிக்கையும் போயிருக்கும்.

அப்பாவுக்கு அடிமைப் பயம். அன்றிரவு ஒன்பதரைக்கு அவரோடு பேசினேன். சிறுவயதில் இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களைப் பின்தொடர்ந்த 15 ஆய்வுகளை 2013-இல் தொகுத்திருக்கிறார்கள். பிற்காலப் போதைப் பழக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தியாவில் இது அட்டவணை எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். தவறான கைக்குப் போகக் கூடாது என்பதற்கான கட்டுப்பாடு அது. மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடும் எட்டு வயதுப் பையனைப் பற்றிய தீர்ப்பு அன்று. அவர் உடனே சம்மதிக்கவில்லை. “முதலில் அந்தப் பயிற்சியைப் பார்ப்போம் சார்,” என்றார். நியாயமான வரிசைதான். மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

பல்லாங்குழி

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் பயிற்சி ஆச்சிக்கும் அப்பத்தாவுக்கும். பெற்றோர் பயிற்சியைப் பற்றி ஆராய்ச்சி சொல்வதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பயிற்சி எடுத்த பெற்றோரே மதிப்பெண் போட்டால் கவனக் குறைவு நன்றாகக் குறைந்ததாகத் தெரிகிறது. விவரம் தெரியாத வேறொருவர் போட்டால் அந்தப் பலன் பெரிதும் சுருங்குகிறது. ஆனால் வீட்டுச் சண்டை, முரண்டு குறைவது, பெற்றோர் பிள்ளையை நடத்தும் விதம் மாறுவது, இவை அந்த வேறொருவர் கண்ணிலும் தெரிகின்றன. மூன்று பேரும் மாலை ஆறு மணிக்கு அழுதுகொண்டிருந்த வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

அப்பத்தாவின் பல்லாங்குழிப் பலகையை எடுத்தோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும், அருகில் போய், முகத்தைப் பார்த்து. செய்தவுடனே ஒரு சோழி குழியில் விழ வேண்டும். இரவு கணக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. ஏழு சோழி சேர்ந்தால் அப்பத்தாவோடு ஓர் ஆட்டம். முதல் இரண்டு வாரம் அப்பத்தா செய்யாத வேலைக்கும் சோழி போட்டார். மூன்றாம் வாரத்திலிருந்து அவரைவிடக் கண்டிப்பான கணக்குப்பிள்ளை அந்த வீட்டில் இல்லை.

டிசம்பரில் ஹீமோகுளோபின் 11.8. முகத்தில் சோர்வு போயிருந்தது. மாலைச் சண்டை பாதிக்குமேல் குறைந்திருந்தது. வகுப்பில் மட்டும் எதுவும் மாறவில்லை. அரையாண்டுக் கணக்குத் தாளில் பாதிக் கேள்வி தொடாமலே இருந்தது. அதற்குள் அவன் தன்னை “மண்டு” என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தான். அப்பா ஒரே வாரத்தில் அழைத்து, “பார்த்துவிடலாம் சார்,” என்றார்.

ஆறு வாரம்

579 பிள்ளைகளின் சராசரி நம் பையனைப் பற்றி ஓர் எதிர்பார்ப்பைத்தான் தருகிறது. அவனுக்கு ஒத்துவருமா என்பதை அவனிடம்தான் பார்க்க வேண்டும். ஒரே ஆளிடம் மருந்தைக் கொடுத்தும் நிறுத்தியும் ஒழுங்காக ஒப்பிடும் முறை மருத்துவத்தில் பல காலமாக உண்டு. இந்த மாத்திரை சில மணி நேரமே வேலை செய்வதால் அதற்கு ஏற்றது. மருத்துவர் திட்டத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். பொங்கல் கழிந்து ஆறு வாரம்: மருந்தில்லை, 5 மி.கி., மருந்தில்லை, 10 மி.கி., 5 மி.கி., மருந்தில்லை. காலை இட்லிக்குப் பிறகு எட்டேகால் மணிக்கு ஒரே மாத்திரை, வீட்டிலேயே. மதிய மாத்திரை வைத்தால் பள்ளிக்குத் தெரிந்துவிடும். அதனால் மதியத்துக்கு முன்புள்ள மூன்று பாடவேளையை மட்டும் கணக்கில் எடுத்தோம். சில வாரம் மருந்து இருக்கும், சில வாரம் இருக்காது என்று வகுப்பாசிரியைக்குத் தெரியும். எந்த வாரம் என்று தெரியாது. நாள்தோறும் ஓர் அட்டையில் இரண்டே எண்: பத்துக் கணக்கில் எத்தனை முடித்தான், எத்தனை முறை இடத்தை விட்டு எழுந்தான். கீழே குறிப்புக்கு ஒரு வரி.

முடித்த கணக்கின் வாரச் சராசரி, வரிசையாக: 4, 7, 4, 9, 7, 5. எழுந்த தடவை: 11, 5, 10, 2, 4, 9. மூன்றாம் வாரம் ஒரு நாள் விடுமுறை. ஐந்தாம் வாரம் ஆண்டு விழா ஒத்திகை. அப்படி இருந்தும் எண் குலையவில்லை. முடிவில் ஆசிரியையிடம், எவை மருந்து வாரங்கள் என்று ஊகிக்கச் சொன்னேன். நான்காவதைச் சரியாகச் சொன்னார். இரண்டாவதை, வீட்டில் யாரோ புதிதாக டியூஷன் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். ஆச்சியும் வீட்டில் ஓர் அட்டை எழுதினார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பதால் அதைப் பசிக்கும் தூக்கத்துக்கும் மட்டும் பயன்படுத்தினோம். மருந்து வாரங்களில் மதியச் சோற்றில் பாதி திரும்பி வந்தது. தூக்கம் கெடவில்லை.

எண்களை மட்டும் பார்த்தால் 10 மி.கி. எடுத்திருக்க வேண்டும். ஆனால் நான்காம் வாரம் வியாழக்கிழமை அட்டையில், குறிப்புக் கோட்டில், சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: “கணக்குப் போடும்போது எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டிருப்பான். இந்த வாரம் பாடவில்லை. உடம்பு சரியில்லையா?”

அதைப் பையனிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, “பாட்டு வரவில்லை,” என்றான். கொஞ்சம் கழித்து, “கணக்கு நன்றாக வந்தது. பாட்டு வரவில்லை,” என்று திரும்பவும் சொன்னான்.

அட்டைகளோடு மூவரும் மதுரைக்குப் போனார்கள். மருத்துவர் அந்தச் சிவப்பு வரியை இரண்டு முறை படித்தாராம். 5 மி.கி. காலையில் ஒன்று, பள்ளி நாளில் மதியம் ஒன்று என்று முடிவாயிற்று. பத்துக்கு ஒன்பதை விட்டு ஏழைத் தேர்ந்தார்கள். அதைத் தேர்ந்தது பெற்றோர். பையனும் கூட இருந்தான். எந்த அளவு எவ்வளவு பலன் தரும், அதற்கு என்ன விலை என்று ஆராய்ச்சியும் அட்டையும் சொல்லும். அந்த விலையைக் கொடுக்கலாமா என்று சொல்ல அந்த வீட்டாருக்குத்தான் உரிமை. இதை எதிர்த்து வாதிடும் சக ஆசிரியர்கள் எனக்கு உண்டு. மூன்றாம் வகுப்பில் இரண்டு கணக்கு குறைந்தால் என்ன என்றுதான் அவர்களிடம் கேட்கிறேன். ஆறாம் வகுப்பில் கேள்வி வேறாக இருக்கலாம். அப்போது மறுபடி அட்டை போடுவோம்.

ஜூன் மாதக் குறிப்பு

மாத்திரை மதுரையில்தான் கிடைக்கிறது. தெரிந்த ஒருவர் மாதந்தோறும் இரட்டைச் சீட்டோடு போய் வாங்கி வருகிறார். கோடை விடுமுறையில் மருத்துவர் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். பசி திரும்பி, 23 கிலோவில் நின்றிருந்த எடை 24 ஆயிற்று. சோழிக் கணக்கு தொடர்கிறது. “மண்டு” என்ற சொல்லைக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது என்றார் ஆச்சி.

வளவில் கிழக்கு மூலை பர்மாத் தேக்குத் தூணில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. மங்கலாகத் தெரிபவை அவன் அப்பாவுடையவை. அவர் தந்தை போட்டு வைத்தவை, பக்கத்தில் வயது எழுதியிருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்பத்தா பையனைச் செருப்பில்லாமல் அதே தூணில் சாய்த்து நிறுத்தி, தலையில் புத்தகத்தை வைத்துக் கோடு போடுகிறார். ஆச்சி அளவுநாடா பிடித்து நோட்டில் எழுதுகிறார். ஜூன் கோடு, அப்பாவின் எட்டரை வயதுக் கோட்டுக்கு அரை விரல் கீழே இருக்கிறது. மருத்துவருக்குப் படம் எடுத்து அனுப்பியாயிற்று. அடுத்த கோடு செப்டம்பர் முதல் ஞாயிறு.